சிகிச்சை முடிந்தது, வகுப்பு எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கர்நாடகத்திலிருந்து கடத்தி வந்த புகையிலைப் பொருட்கள் ஓசூர் பக்கம் பிடிபட்டதாக அடிக்கடி செய்தி போடுகிறீர்கள். பிடிபடாமல் வந்தது எங்கள் வீட்டில் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்தது. காம்பஸுக்கு அடியில், டீ பேக்கைச் சுருக்கினாற்போல நாலைந்து பொட்டலம். என் அக்கா மகனுடையது. கீழுதட்டுக்குள் அதை ஒதுக்கிக்கொண்டே பாடம் கேட்டிருக்கிறான். ஒன்பதாம் வகுப்பில் அது. பத்து முடிப்பதற்குள் கஞ்சா.

பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003 முதல் சட்டம் இருக்கிறது. பள்ளிச் சுவரிலும் எழுதியிருக்கிறார்கள். கடைக்காரர் 101-ஆவது கெஜத்தில் நிற்கிறார் போலும். சிறுவருக்குப் போதைப்பொருள் கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை என்று 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டமும் சொல்கிறது. சரி, அதெல்லாம் போலீஸ் பாடு. நான் எழுத வந்தது வேறு.

போதை மீட்புச் சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. மூன்று வாரத்தில் பையன் தெளிந்து வந்தான். அப்புறம்தான் சிக்கல். “டி.சி. வாங்கிக்குங்க, மத்த பிள்ளைங்களும் கெட்டுப்போகும்” என்றார்கள் பள்ளியில். கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்தோம். அதே பெஞ்ச், பக்கத்தில் அதே இரண்டு பேர். “அவனுங்க கிட்ட உட்கார்ந்தாலே நாக்கு தானா உதட்டுக்குப் போகுது மாமா” என்றான். பதினோராம் நாள் பழைய கதை. மறுபடி சிகிச்சை.

அமெரிக்காவில் இப்படி மீண்டு வரும் பிள்ளைகளுக்கென்றே உயர்நிலைப் பள்ளிகள் உண்டு. மேரிலாந்தில் 1979-இல் ஒன்று, மினசோட்டாவில் 1987-இல் ஒன்று என்று தொடங்கி, 2002-இல் இந்தப் பள்ளிகள் தங்களுக்கென ஒரு சங்கமே வைத்துக்கொண்டன. அவை மருத்துவமனை அல்ல, பள்ளிக்கூடம். சிகிச்சை முடித்தவர்கள் சேருகிறார்கள். கணக்கு, அறிவியல் எல்லாம் படித்து எல்லாரையும்போலச் சான்றிதழ் வாங்குகிறார்கள். பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேச நேரம் ஒதுக்குகிறார்கள், ஆலோசகர் பக்கத்திலேயே இருக்கிறார். சிறுநீர்ப் பரிசோதனையும் உண்டு. அதில் மாட்டினால் உடனே டி.சி. நீட்டுவது அங்கே வழக்கமில்லை. உட்கார வைத்துப் பேசுகிறார்கள். எனக்கு இதிலே பிடித்தது ஒன்றுதான். பக்கத்து பெஞ்சுக்காரனும் விட்டுவிடத் தவிக்கிறவன்.

நமக்கு இதெல்லாம் கட்டுபடியாகுமா என்பார்கள். குழந்தைத் தொழிலாளர்களை மீட்டு, அவர்களுக்கென்று சிறப்புப் பள்ளி நடத்திய மாவட்டங்கள்தானே நம் தருமபுரியும் கிருஷ்ணகிரியும்? தனிக் கட்டடம்கூட வேண்டாம். இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனநல மருத்துவர் வாரம் ஒருமுறை வந்துபோகிற தூரத்தில் ஓர் அரசுப் பள்ளி, அதில் இருபது பேருக்கு ஒரு வகுப்பு, கூடவே விடுதி. பெயர்ப்பலகையில் ‘போதை’ என்ற சொல் மட்டும் வேண்டாம். நாளைக்கு வேலைக்குப் போனாலும் அந்தச் சான்றிதழைத்தானே நீட்ட வேண்டும்.

பையன் இப்போது என் ஜெராக்ஸ் கடையில் இருக்கிறான். காலாண்டுத் தேர்வுக்குப் பழைய வினாத்தாள் எடுக்க அவன் வகுப்பே வருகிறது. அந்த இரண்டு பேரும்தான். அவர்கள் தலை தெரிந்தால் அவனை உள்ளே பைண்டிங் வேலைக்கு அனுப்பிவிட்டு, மெஷினில் நான் நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.