பழைய ரோபோ பொம்மைகளில் திரை பொருத்துவோர் கவனத்திற்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பகுதிகளில் பழைய ரோபோ பொம்மைகளுக்கு ஓஎல்இடி திரை (தானே ஒளிரும் புள்ளிகளாலான சிறு திரை) பொருத்தி வருவோர், திரை வாங்குவதற்கு முன் பேட்டரி அறையைத் திறந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். உப்புக்காற்றில் பித்தளைத் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, அல்கலைன் பேட்டரி கசிந்த வெள்ளைப் பொடியை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்கு உலர்ந்த பின்னரே ஈயம் வைத்துக் கம்பிகளைப் பற்றவைக்க வேண்டும்.

கண் இமைப்பதைக் காட்ட, 128க்கு 64 புள்ளிகள் கொண்ட 0.96 அங்குலத் திரையே தாராளம். மோட்டார் கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து, திரையை இயக்கும் கட்டுப்பாட்டுப் பலகை மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடும் என்பதால், பொம்மையின் இரண்டு பெரிய பேட்டரிகள் தரும் 3 வோல்ட்டை மோட்டாருக்கே விட்டுவிட்டு, பலகைக்கும் திரைக்கும் தனி பேட்டரி கொடுப்பது நல்லது. மோட்டாரின் மின் இரைச்சலைத் தணிக்க, அதன் இரு முனைகளுக்கிடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றையும் பற்றவையுங்கள். தகர உடல் மின்சாரத்தைக் கடத்தும். திரையின் பின்புறம் இன்சுலேஷன் டேப் கட்டாயம்.

1950, 60களின் ஜப்பானியத் தகர ரோபோ முழுமையாக இருந்தால், தயவுசெய்து அதில் துளையிட வேண்டாம். கையோ காலோ இழந்தவையே இந்த வேலைக்குப் போதும்.

உபரிப் பல்சக்கரம் வைத்திருப்போர் பற்களின் எண்ணிக்கையையும் தண்டின் விட்டத்தையும் குறிப்பிட்டுப் படம் பதிவிடவும். அளவில்லாத படத்தால் யாருக்கும் பயனில்லை.