வாயும் சத்தமும் சேர்ந்து வந்ததற்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், எங்களுக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் மீடியா குழுவின் ஸ்தோத்திரங்கள்.

பாளையங்கோட்டையில் நம் போதகர் ஐயா செய்யும் பிரசங்கம் இப்போது வள்ளியூர், சேரன்மகாதேவி கிளைச் சபைகளிலும் அதே வேளையில் திரையில் வருகிறது. பாராட்டெல்லாம் கேமராவுக்குப் பின்னால் நிற்கும் எங்கள் பிள்ளைகளுக்கே வந்து சேர்கிறது. சந்தோஷம்தான். ஆனால் வேலையை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர்கள் வேறு ஆட்கள். பெயர் போட வேண்டாம் என்று அவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், பெயரில்லாமலே நன்றி சொல்கிறேன்.

முதலில், கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணனுக்கு. ஆரம்பத்தில் எங்கள் படத்தில் மங்கலான பட்டைகள் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும். புதுக் கேமரா வாங்கினால்தான் சரியாகும் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அண்ணன் வந்தார், மேலே எரியும் விளக்குகளை அண்ணாந்து பார்த்தார், கேமரா மெனுவைத் திறந்தார். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்கும். கேமராக்களோ விநாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், எடுத்துக்கொண்டிருந்தன; இரண்டும் ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும் 50 பிரேமுக்கு மாற்றி, ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் வாங்கும் நேரமான ஷட்டரை 1/50 விநாடியில் வைத்தார். பட்டை போன இடம் தெரியவில்லை. டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அடுத்து மைக் செட் தம்பி. "ஐயா வாய் ஒரு பக்கம் போகுது, சத்தம் ஒரு பக்கம் வருது" என்று வள்ளியூர்ப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சத்தம் மிக்சரிலிருந்து நேராக வந்துவிடும். படம் கேமரா, கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டும் ஸ்விட்சர் என்று ஒவ்வொரு பெட்டியிலும் கொஞ்சம் நின்று வரும். தம்பி பிரசங்க மேடையில் நின்று ஓங்கி ஒரு கைதட்டுத் தட்டி, அதைப் பதிவு செய்து, பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்த்தார். சத்தம் வந்து ஆறு பிரேம் கழித்துத்தான் கைகள் ஒட்டின. 50 பிரேமில் ஒரு பிரேமுக்கு 20 மில்லிவிநாடி. ஆக, சத்தத்தை 120 மில்லிவிநாடி தாமதப்படுத்தினார். கோயில் கொடை, அரசியல் கூட்டம், அசன விருந்து என்று எல்லா மேடையும் பார்த்த காது அவருடையது.

கேபிள்கார அண்ணனை மறந்தால் பாவம். ஐப்பசி மழையில் இன்டர்நெட் வரும் ஃபைபர் கேபிள் அறுந்தபோது, குடையை ஒருவர் பிடிக்க, தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒட்டிக் கொடுத்தார். இரண்டாவது லைன் ஒன்று வேறு பாதையில் வர வேண்டும் என்று அடம்பிடித்ததும் அவர்தான்.

முகம் தெரியாத சிலருக்கும் கடன்பட்டிருக்கிறோம். முன்பு யூடியூப் வழியாகத்தான் கிளைகளுக்கு அனுப்பினோம். அது அரை நிமிடம்கூடப் பின்தங்கும். டிசம்பர் 31 இரவு, இங்கே மணி அடித்து வாக்குத்தத்த வசனத்தை வாசிக்கத் தொடங்கியாயிற்று. சேரன்மகாதேவியில் வெளியே வெடிச்சத்தம் கேட்கிறது, திரையில் இன்னும் பழைய வருஷம்! பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். இப்போது இன்டர்நெட்டில் நேரலைப் படத்தை அனுப்பும் எஸ்ஆர்டி (SRT) என்ற முறையில் அனுப்புகிறோம். வழியில் தொலைந்த துண்டுகளை அது மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். அதற்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். நாங்கள் இரண்டு விநாடி வைத்திருக்கிறோம். ஹைவிஷன் நிறுவனம் உருவாக்கிய இதை 2017-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 2012-இல் வெளிவந்த, நேரலைப் படத்தைத் தொகுத்து அனுப்ப உதவும் ஓபிஎஸ் (OBS) மென்பொருளும் அப்படித்தான், காசில்லாமல் கிடைக்கிறது. அதைத் தொடங்கிய ஹியூ பெய்லிக்கும், கூடச் சேர்ந்து எழுதியவர்களுக்கும் நெல்லைச் சீமையிலிருந்து ஒரு கும்பிடு.

கடைசியாக, வள்ளியூர்ச் சபையின் மூத்த பாட்டிக்கு. "டி.வி. பாக்கதுன்னா நான் வீட்லயே இருந்துக்கிட மாட்டேனா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். எங்களுக்குக் கிடைத்த ஆலோசனைகளிலேயே உருப்படியானது அதுதான் என்பேன். அதன் பிறகு பாட்டு, ஜெபம், திருவிருந்து எல்லாம் அந்தந்தச் சபையிலேயே, அங்குள்ள பாடகர் குழுவோடும் உபதேசியாரோடும் நடக்கிறது. பிரசங்கம் மட்டும் திரையில். அதிலும் நடுத் திரைக்கு என்றே ஒரு கேமராவை அசையாமல் நிறுத்திவிட்டோம்; ஐயா தலை முதல் கால் வரை ஆள் உயரத்துக்கே தெரிவார், இடையில் ஷாட் மாறாது. கிட்டக் காட்டுவது, வசனம் போடுவது எல்லாம் பக்கத்துத் திரையில். போன வாரம் ஐயா இங்கே "வேதத்தைத் திறங்கள்" என்றதும் பாட்டி அங்கே கண்ணாடியை மாட்டிக்கொண்டாராம், உபதேசியார் சொன்னார்.

ஆராதனைக்கு முன்னால் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும், ஆலயப் பணிவிடை செய்யும் கோயில்குட்டியாருக்கும், ஒத்திகை நாளில் சுக்குக் காப்பி அனுப்பும் பெண்கள் ஐக்கியச் சங்கத்துக்கும் நன்றி. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒத்திகை. மூன்றாவது கேமராவுக்கு இன்னும் ஆள் வேண்டும்; படிக்கிற பிள்ளைகள் யாருக்காவது ஆசை இருந்தால் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மீடியா குழுவினர்