திறந்து கிடக்கிறதாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கடைசிப் பத்தி வரை நன்றாகத்தான் இருந்தது. அங்கேதான் கட்டுரையாளர், "ஆய்வுகளெல்லாம் இன்று இணையத்தில் திறந்து கிடக்கின்றன, நம்மவர்களுக்குத்தான் தேடிப் படிக்கும் பழக்கமில்லை" என்று ஒரு போடு போட்டிருக்கிறார். யார் வீட்டில் திறந்து கிடக்கிறது என்று சொல்லியிருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருப்பேன்.

கப்பல் பட்டியல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, மறுக்கவில்லை. 1860 முதல் 1911 வரை வந்த 1,52,184 பேருக்கும் எண் போட்டு, தகப்பன் பெயர், சாதி, ஊர், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதி வைத்தான் வெள்ளைக்காரன். என் பாட்டனாரின் ஊரை அவன் எழுதியிருக்கும் அழகுக்கு, வட ஆற்காட்டில் அப்படி ஓர் ஊர் இருந்திருக்கவே முடியாது. போகட்டும், அதைப் பார்க்க யாரும் காசு கேட்கவில்லை. அந்த எண்களுக்குப் பின்னால் இருந்த மனிதர்களைப் பற்றி இப்போது எழுதுகிறார்களே, அதைப் படிக்கத்தான் காசு.

பன்னிரண்டு வருடம் முன்பு ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். பெயர் வேண்டாம். மூன்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, பெரியம்மா பாடிய கரும்புத் தோட்டத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தார். பெரியம்மாவுக்கு அப்போது 84 வயது. மூச்சு வாங்கும். ஆனாலும் "தம்பி, இன்னொண்ணு ஞாபகம் வருது, இரு" என்பார். ரொட்டியும் பீன்ஸ் கறியும் செய்து போட்டது நான். ஏதோ படிவத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு, "அச்சில் வந்ததும் கொண்டுவந்து தர்றேன் ஆன்ட்டி" என்று சொல்லிப் போனார்.

பெரியம்மா போய்ச் சேர்ந்தார். கட்டுரை வெளிநாட்டு இதழ் ஒன்றில் வந்திருப்பதைப் பேத்திதான் போனில் கண்டுபிடித்தாள். முதல் பத்தி தெரிந்தது. மீதியை 24 மணி நேரம் பார்க்க 45 டாலராம். கிட்டத்தட்ட 800 ராண்டு, இங்கே முதியோர் உதவித்தொகையில் மூன்றில் ஒரு பங்கு. என் பெரியம்மாவையே எனக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். தம்பிக்கு மின்னஞ்சல் போட்டோம். உரிமை பதிப்பகத்திடம் போய்விட்டது, தன் கையில் ஒன்றுமில்லை என்று இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது.

மெத்தப் படித்தவர், நம்பிவிட்டேன். பேத்தி கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. எழுதியவர் தன்னிடமுள்ள கைப்பிரதியைக் கேட்டவருக்கு அனுப்புவதைப் பெரும்பாலான பதிப்பகங்கள் தடுப்பதில்லையாம். பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் போடவும் விடுகிறார்கள், சில காலம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். நம் நாட்டுத் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையோ, தன் பணத்தில் நடந்த ஆய்வை 12 மாதத்துக்குள் எல்லோரும் படிக்க வைக்க வேண்டும் என்று 2015இலேயே சொல்லிவிட்டது. ஆக, தம்பிக்கு மனமில்லை, அல்லது தெரியவில்லை. எது மோசம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதன் பொருளாதாரம் உங்களுக்குத் தெரியாததல்ல. எழுதுபவருக்கு இதழ் காசு தருவதில்லை, சரிபார்க்கும் பேராசிரியர்களுக்கும் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு மட்டும், அங்கீகாரம் பெற்ற இதழில் கட்டுரை வந்தால், அரசு லட்சம் ராண்டுக்கு மேல் மானியம் தருகிறது. அது வரிப்பணம். பெரியம்மா வாங்கிய தேயிலையிலும் வாட் இருந்தது. வாசகருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டுமானால் எழுதியவர் கட்ட வேண்டுமாம். நேச்சர் இதழ் 2021இல் அதற்கு 9,500 யூரோ என்று விலை வைத்தது. இதற்குப் பெயர் திறந்த அறிவு.

டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து நிறவெறி அரசு எங்களை லாரியில் ஏற்றிச் சாட்ஸ்வொர்த்தில் இறக்கிய காலத்தில் நான் பள்ளிச் சிறுமி. டவுனில் பெரிய நூலகம் இருந்தது, நமக்கு அனுமதியில்லை. அப்பா குவீன் தெருவில் இருந்த காந்தி நூலகத்துக்குக் கூட்டிப் போவார். அன்றைக்குத் தோலைப் பார்த்து வெளியே நிறுத்தினார்கள், இன்றைக்குக் கடன் அட்டையைப் பார்த்து. அப்படி வெளியே நின்றவளைப் பார்த்து "படிக்கும் பழக்கமில்லை" என்றால் எப்படி இருக்கும்?

எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். நம் நாட்டு அறிவியல் கழகம் நடத்தும் சையெலோ தளத்தில் தென்னாப்பிரிக்க இதழ்கள் பல இலவசம். உங்கள் கட்டுரையாளர் அதையாவது சொல்லியிருக்கலாம். அவர் பாராட்டியிருக்கும் மூன்று கட்டுரைகளையும் தேடிப் பார்த்தேன், மூன்றுக்கும் பூட்டு.

நான் கேட்பது பெரிதல்ல. இனி ஆய்வுக் கட்டுரை எதையாவது படிக்கச் சொன்னால், பக்கத்தில் "இலவசம்" அல்லது "கட்டணம்" என்று ஒரு சொல் போடுங்கள். அதற்கு இடமில்லை என்றால் இந்தக் கடிதத்தில் ஒரு வரியை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப் பாடசாலை ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்