வெட்டிய ஆலுக்கு ஆலையே நடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ச் சாலையை அகலப்படுத்தியபோது இரண்டு ஆலமரங்களும் ஓர் அத்தியும் போயின. ஈடாகக் கன்று நட்டிருக்கிறார்கள் என்றதும் போன வாரம் நடந்தே போய்ப் பார்த்தேன். புங்கன், வேம்பு, சரக்கொன்றை. எல்லாம் நல்ல மரங்கள்தான். ஆனால் ஆல், அரசு, அத்தி, இத்தி என்று அந்தக் குடும்பத்தில் ஒரு கன்றுகூட இல்லை.

பள்ளியில் அறிவியல் பாடம் எடுத்த காலத்தில், 'அத்தி பூத்தாற்போல' என்று பிள்ளைகள் சொன்னால் உடனே ஓர் அத்திக்காயைப் பிளேடால் பிளந்து கையில் கொடுப்பேன். உள்சுவர் முழுக்க ஊசிமுனை போல நெருக்கமாகப் பூக்கள் இருக்கும். வருடத்தில் பல தடவை பூக்கிற மரம் அது. காய்க்குள்ளேயே பூப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கொசுவைவிடச் சிறிய குளவி ஒன்று காயின் நுனியில் உள்ள துளை வழியாக உள்ளே நுழையும். வழி அத்தனை குறுகல் என்பதால் இறக்கை பிய்ந்துவிடும். கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சிலவற்றில் முட்டையிட்டு அங்கேயே செத்துப்போகும். அதன் ஆண் குஞ்சுகளுக்கு இறக்கையே கிடையாது. இணை சேர்ந்து, பெண்கள் வெளியேறச் சுவரைக் குடைந்து வழி செய்துவிட்டு அவையும் மடியும். வெளியே வரும் பெண் குளவிக்கு ஆயுள் ஓரிரு நாள்தான். அதற்குள் சரியான பருவத்தில் காய் பிடித்திருக்கும் இன்னொரு அத்தியை அது கண்டுபிடித்தாக வேண்டும். ஆலின் குளவி வேறு, அத்தியின் குளவி வேறு. ஒன்றுக்காக இன்னொன்று வேலை செய்யாது.

இதனால்தான் ஓர் இனத்து மரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் காய்ப்பதில்லை. ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று தொடங்கும். மற்ற மரங்களில் பழமே இல்லாத மாதத்திலும் குக்குறுவானுக்கும் பச்சைப்புறாவுக்கும் வௌவாலுக்கும் எங்காவது ஓர் ஆல் பழுத்திருக்கும். சாலையோர மரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால் இந்தச் சங்கிலி எந்த இடத்தில் அறும் என்று யார் கணக்குப் பார்க்கிறார்கள்? மனிதருக்கும் மாட்டுக்கும் நிழல் தரச் சாலையோரம் ஆலமரம் நட்டதாக அசோகர் தூணில் வெட்டி வைத்து 2,200 வருடங்களுக்கு மேல் ஆகிறது.

வேர் கட்டடத்தைப் பிளக்கும், சாக்கடையை அடைக்கும் என்பார்கள். உண்மைதான். வீட்டு ஓரத்தில் வேண்டாம், ஏரிக்கரையிலும் சந்தைத் திடலிலும் புறம்போக்கிலும் வையுங்கள். பெரிய செலவும் இல்லை. ஆலும் இத்தியும் போத்து நட்டாலே வந்துவிடும். கைத்தடிமன் கிளையை வெட்டி, மேல் நுனியில் சாணி உருண்டை அப்பி, மழைக்கு முன்னால் ஊன்றினால் போதும். எங்கள் அப்பா அப்படித்தான் கிணற்று மேட்டில் ஒன்று வைத்தார். அப்புறம், பறவை எச்சத்தில் மொட்டைமாடிச் சுவர்களில் முளைக்கும் அரசங்கன்றுகளை ஆசிட் ஊற்றிக் கருக்குகிறோமே, அவற்றை வேரோடு பெயர்த்து வளர்த்தால் அதுவே ஒரு நாற்றங்கால்.

பழைய பெயிண்ட் வாளிகளில் அப்படி எடுத்த மூன்று அரசும் ஓர் ஆலும் என்னிடம் இடுப்பளவு வளர்ந்து நிற்கின்றன. ஐப்பசி மழைக்குள் அதிகாரிகள் இடம் காட்டினால் நானே கொண்டுவந்து நட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
கோபிசெட்டிபாளையம்.