சிட்டுவுக்குக் கடிவாளம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வீடியோவை அப்பாவும் நானும் பார்த்தோம். உன் குதிரை சிட்டு உடம்பு தேறியிருக்கிறாள், விலா எலும்பெல்லாம் மூடிவிட்டது. ஆனால் நீ லகானைப் பிடித்த உடனே தலையை உயரத் தூக்கி உதறுகிறாள். இதற்கு உன் நண்பர் பெல்ஹாம் கடிவாளம் போடச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். வாங்காதே.

சிட்டுவைப் போலப் பந்தயத்தில் வளர்ந்த குதிரைக்கு லகான் இறுகினால் ஓடு என்றுதான் பொருள். ஜாக்கி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பார். அந்தப் பிடியில் சாய்ந்தபடியே அது வேகமெடுக்கும். நிற்பதற்காக நீ இழுக்கிறாய், ஓடச் சொல்கிறாய் என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். பெல்ஹாமில் தாடைக்குக் கீழே சங்கிலி இறுகும், உச்சந்தலையில் வார் அழுத்தும். இருக்கிற குழப்பத்தோடு வலியும் சேரும்.

முதலில் வாயைப் பார்க்க வேண்டும். நாற்பதாயிரம் ரூபாய்க்குச் சேணம் வாங்குகிறவர்கள்கூட இதைச் செய்வதில்லை. குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மெல்ல மெல்ல மேல் கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு தேயாமல் கூராகிவிடும். வெளியே வார் கன்னத்தை அழுத்தினால் உள்ளே சதை அந்தக் கூரில் கிழிபடும். அந்தப் பல்வரிசைக்கு முன்னால் சில குதிரைகளுக்குப் பயறு அளவில் ஒரு பல் முளைத்திருக்கும். ஓநாய்ப் பல் என்போம். வாய்க்குள் போகிற கடிவாள இரும்பு அதில் இடித்தால் எந்தக் குதிரையும் தலையைத் தூக்கத்தான் செய்யும். குதிரை பார்க்கிற டாக்டரை வரவழைத்து, பல்லை அரத்தால் ராவச் சொல். ஓநாய்ப் பல் தொந்தரவு செய்தால் அவரே எடுத்துவிடுவார். புண் ஆறும்வரை வாயில் இரும்பே வேண்டாம்.

அதன் பிறகு அளவு. வழுவழுப்பான மரக்குச்சி ஒன்றை இரும்பு உட்காரும் இடத்தில் குறுக்கே வைத்து, உதடு முடியும் இரண்டு இடத்திலும் கோடு போடு. பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் கூட்டிக்கொள். அவள் வாய்க்கு 5 அங்குலத்தை ஒட்டித்தான் வரும் என்று நினைக்கிறேன். அகலம் கூடினால் வாய்க்குள் இங்கும் அங்கும் நகரும், குறைந்தால் கடைவாயைக் கிள்ளும்.

தடித்த இரும்புதான் மென்மையானது என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. உதட்டை விலக்கி, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஈற்றைக் கட்டைவிரலால் தொட்டுப் பார். மெல்லிய தோலுக்கு அடியில் எலும்பின் விளிம்பு தட்டுப்படும். மீதி இடத்தை நாக்கே நிறைத்திருக்கும். சிட்டுவைப் போன்ற சிறிய வாய்க்கு 14 மில்லிமீட்டர் தடிமன் போதும். நடுவில் ஒரே மூட்டு உள்ள ஸ்னாஃபிள் என்னும் எளிய கடிவாளம் இழுக்கும்போது பாக்குவெட்டி மாதிரி மடங்கும். இரண்டு மூட்டும் நடுவில் சிறு துண்டும் உள்ளதாக வாங்கு. அழுத்தம் நாக்கின் மேல் பரவும்.

ஆடி மாதம் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போவதாகச் சொன்னாய். எந்தச் சந்தையானாலும் முள் வைத்த கடிவாளத்தை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. 1965ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்பு விதிகளிலேயே அது தடை செய்யப்பட்டது. அதைப் போட்டு அடக்கினேன் என்று பெருமை பேசுகிறவரிடம் குதிரையைப் பற்றி எதுவும் கேட்காதே.

மாட்டும்போது கடைவாயில் ஒரு சுருக்கம் விழுகிற உயரம் போதும். பெங்களூர்க் குளிரில் இரும்பை உள்ளங்கையில் வைத்துச் சற்றுச் சூடேற்றிவிட்டுப் போடு. முதல் சில வாரம் நடை மட்டும். நிறுத்த வேண்டுமானால் மூச்சை விட்டு, சேணத்தில் அழுந்த உட்கார். கை கடைசியில் வரட்டும்.

டாக்டர் வந்து போனதும் கூப்பிடு. அப்பாவுக்கு அவள் கொள்ளு தின்கிறாளா என்பதுதான் கவலை. அதையும் அப்பாவிடமே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா