பழைய ஹோபி 16 மறுபடி பந்தயத்துக்கு வந்தது: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கும் உறவுகளுக்கும்,

வணக்கம். எங்கள் வென்ட்வொர்த்வில் வீட்டு வேலியோரம் தார்ப்பாய்க்குள் முடங்கிக் கிடந்த ஹோபி 16 படகு, சென்ற மாதம் சிட்னியின் பாட்டனி விரிகுடாவில் பந்தயம் ஓடியது. நடுவாந்தரமான இடத்தில் முடித்தோம். எனக்கு அதுவே பெரிய மகிழ்ச்சி. இதைக் கழித்துக்கட்டச் சொன்னவர்கள் பலர். கழிக்க விடாமல் காப்பாற்றியவர்கள் நீங்கள். பெயர் போட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டதால், அவரவர் செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறேன்.

இந்தப் படகை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துவந்த ஹோபி ஆல்டர் உருவாக்கிய இரட்டை மிதவைப் பாய்மரப் படகு இது. நீளம் 5 மீட்டருக்குச் சற்று அதிகம், எடை சுமார் 145 கிலோ, ஓட்ட இரண்டு பேர். மிதவைகளின் வெளிப்புறம் ஏறக்குறையத் தட்டை, உட்புறம் வளைவு. காற்றை எதிர்த்து ஏறும்போது படகு பக்கவாட்டில் நழுவாமல் தாங்குவது அந்த வடிவம்தான். அதனால் அடியில் தனிப் பலகை கிடையாது, நேரே மணலில் ஏற்றிவிடலாம். உலகம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் வடிவத்தை மாற்ற விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே பழைய படகும் புதுப் படகும் ஒரே கோட்டில் நின்று புறப்பட முடியும். பழையதைச் சீர்செய்வது வீண்செலவு என்பவர்களோடு நான் விடாமல் வாதாடுவது இதனால்தான்.

முதல் நன்றி, பாரமட்டாவில் ஃபைபர் கிளாஸ் வேலை செய்யும் அண்ணனுக்கு. இந்தப் படகுகளின் மேல்தளம் இரண்டு ஃபைபர் ஏடுகளுக்கு நடுவே நுரை வைத்துச் செய்தது. காலப்போக்கில் ஏடும் நுரையும் பிரிந்து, கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும். எங்கள் படகில் முன்குறுக்குச் சட்டத்துக்கு முன்னால் இரு மிதவைகளிலும் அந்த நோய் இருந்தது. அண்ணன் ஒரு நாணயத்தை எடுத்துத் தளம் முழுவதும் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்டது. பிரிந்த இடத்தில் மொத்தையாகக் கேட்டது. சத்தம் மாறிய இடத்தில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டார். கோட்டுக்குள் நெருக்கமாகச் சிறு துளைகள், மேல் ஏட்டை மட்டும் துளைக்கும் ஆழத்துக்கு. துளை முனையில் நாடா சுற்றி அந்த ஆழத்தை அவர் கட்டுப்படுத்திய விதத்தை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிறகு ஊசிக்குழாயில் எபாக்ஸி என்ற ஒட்டுப்பிசினை ஏற்றி ஒரு துளையில் செலுத்துவார். பக்கத்துத் துளையில் அது எட்டிப்பார்த்ததும் நிறுத்தி, நாடா ஒட்டி, அடுத்ததற்குப் போவார். கூடுதலாக ஊற்றினால் எடை ஏறிவிடும், பந்தயப் படகுக்கு அது சுமை என்று ஒவ்வொரு துளியையும் அளந்தார். கூலி என்று பேச்செடுத்தபோது கோபித்துக்கொண்டார். அண்ணா, இன்று அந்தத் தளத்தில் முழங்கால் ஊன்றினாலும் அசைவில்லை.

ஒழுக்கு பார்த்தது எதிர்வீட்டுப் பிள்ளைகள். மிதவைக்குள் மெதுவாகக் காற்றை ஊதி, வெளியே சோப்புநீர் தடவி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். காற்றழுத்த எந்திரம் வைத்தால் இணைப்பே பிளந்துவிடும், வாயால் ஊதினால் போதும். சுக்கான் மாட்டும் திருகாணிகளைச் சுற்றி வந்த குமிழியை முதலில் பார்த்தவள் அந்த வீட்டுச் சின்னவள்தான். கண்ணே, பெரியவர்கள் மூன்று பேர் அதே இடத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்திருந்தோம்.

சட்டத்தை நிமிர்த்தியவர் ஓய்வுபெற்ற பொறியாளர் மாமா. இரு மிதவைகளும் ஆளுக்கொரு பக்கம் ஆடினால் காற்றின் விசையில் பாதி அந்த ஆட்டத்திலேயே செத்துப்போகும் என்பார். மூலைவிட்டங்களை அளந்து, இரண்டும் சமமாகும் வரை கழற்றி மாட்டினார். அலுமினியத்தில் துருப்பிடிக்காத எஃகு ஆணி அடிக்கும் இடங்களில், உப்புநீர் பட்டு அரிக்காதிருக்க இடையே பசை தடவச் செய்தார். பாய்மரத்தைப் பின்சாய்த்துக் கட்டியதால் படகு காற்றை நோக்கித் திரும்ப இழுத்தது. சுக்கான் பலகைகளைச் சற்று முன்பக்கமாகச் சாய்த்துப் பொருத்தி அந்த இழுப்பையும் குறைத்தார். மாமா, கடைசிச் சுற்றில் சுக்கானை இரண்டு விரலால் பிடித்திருந்தேன்.

இரு மிதவைகளுக்கும் நடுவே நாம் உட்காரும் விரிப்பின் தையல் வெயிலில் இற்றுப்போயிருந்தது. வீட்டுத் தையல் எந்திரம் அந்தத் தடித்த மடிப்புக்குள் இறங்கவில்லை. டூங்காபி அக்கா, உள்ளங்கையில் தோல் பட்டை கட்டிக்கொண்டு, வெயிலைத் தாங்கும் பாலியஸ்டர் நூலால் ஓரம் முழுவதையும் கையாலேயே தைத்து முடித்தார். அக்காவின் விரல் நுனிகளைப் பார்த்தபோது என்ன சொல்வதென்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

பாயையும் கம்பிகளையும் தந்து உதவியவர்கள் கர்னெல் கரையில் படகு நிறுத்தும் நண்பர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. இதையே ஆங்கிலத்தில் எழுதித் தனியே தருகிறேன். முனையில் ஒரே ஒரு இழை அறுந்திருந்த கம்பியைக் காட்டி, இதை நம்பித் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அன்றைக்கே எல்லாக் கம்பிகளையும் மாற்றவைத்தார்கள். எங்கள் பாய்மரம் இன்று நிற்கிறது என்றால் அது அவர்கள் கண்டிப்பால்.

வண்ணம் அடித்த கல்லூரித் தம்பிகளுக்கும், வாரயிறுதிதோறும் இட்லிச் சட்டியை இறக்காமல் வைத்திருந்த அம்மாவுக்கும், கம்பியில் தொங்கி உடம்பை வெளியே வீசிப் படகைச் சமன்படுத்திய தங்கைக்கும் என் அன்பு. காற்று வலுத்தால் இந்தப் படகு மூக்கைக் குத்திக் கவிழப் பார்க்கும். தங்கை சட்டென்று பின்னால் நகர்ந்திராவிட்டால் மிதவையின் முன்முனை தண்ணீருக்குள் போயிருக்கும்.

படகு இப்போது கரையிலேயே நிற்கிறது. வேலை செய்த ஒவ்வொருவரும் குடும்பத்தோடு வந்து ஒருமுறையாவது ஏற வேண்டும். கோடையில் பிற்பகலானால் வடகிழக்குக் காற்று எழுந்துவிடும். முதன்முறை ஏறுபவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள். மிதவைச் சட்டைகள் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இருக்கின்றன. மிஞ்சிய எபாக்ஸியும் ஊசிக்குழாய்களும் எங்கள் வீட்டில் உள்ளன. பழைய படகு வைத்திருப்பவர் யாராவது கேட்டால் எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.

நன்றியுடன்,
வென்ட்வொர்த்விலிலிருந்து உங்கள் தம்பி