மோசமான நாளுக்கு ஒரு வரிசை

அன்புள்ள வசந்தி,

கடிதம் கிடைத்தது. பெரியவளுக்குப் பரீட்சை, ஆபீசில் கணக்கு முடிப்பு, அத்தைக்கு முட்டுவலி. இதற்கு நடுவே வயலின் மூன்று வாரமாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்கிறாய். சரி. "எனக்கு மனவுறுதி போதாது" என்று முடித்தாயே, அதுதான் உதைக்கிறது. தினம் முக்கால் மணி என்பது நீ ஓய்வாக இருந்தபோது போட்ட கணக்கு. வேலை குவிந்த நாளில் முக்கால் மணி கிடைக்காது. அது கிடைக்காத கோபத்தில் கையில் இருக்கும் ஐந்து நிமிடத்தையும் விட்டுவிடுகிறோம்.

அதனால் இரண்டு அளவு வை. நல்ல நாளுக்கு முக்கால் மணி. மோசமான நாளுக்கு ஒரே ஒரு வரிசை, அதாவது ஒரு ஸ்வரப் பயிற்சி, மூன்று காலத்திலும் (மூன்று வேகத்திலும்), அவ்வளவுதான். சின்ன அளவை வாசித்தாலும் காலண்டரில் முழு டிக் போடு. அரை டிக் போட்டால் மறுநாள் ஈடுகட்டத் தோன்றும். பாக்கி ஒன்றரை மணி, இரண்டேகால் மணி என்று ஏறினால் பெட்டியைப் பார்க்கவே பயம் வந்துவிடும். விட்டுப்போன நாள் போனதுதான், அதற்குக் கடன் கிடையாது.

களைத்த உடம்பு வாசிப்பதற்கு அஞ்சுவதில்லை, ஆயத்தத்துக்குத்தான் அஞ்சுகிறது. குனிந்து பெட்டியை இழு, வில்லை முறுக்கு, ரோசின் என்ற பிசின் கட்டியை வில்லில் தடவு, சுருதி சேர், நோட்டைத் தேடு... பாதி உற்சாகம் அதிலேயே தீர்ந்துவிடும். பெட்டி மேசைமேல் இருக்கட்டும். ஜிப்பைத் திறந்து மட்டும் வைக்காதே; யாராவது கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் வயலின் தரையில்தான். ரோசின் தினமும் வேண்டாம், நாலைந்து மணி நேர வாசிப்புக்கு ஒரு தரம் போதும். தந்தியை முறுக்கும் பிரடை நழுவினால் திருகும்போதே உள்பக்கமாக அழுத்து. முடித்ததும் வில்லைத் தளர்த்திவிட்டு, நாளை எந்த வரியில் தொடங்குவது என்று நோட்டில் பென்சிலால் குறித்து வை. இந்தக் குறி சின்ன விஷயமாகத் தெரியும்; மறுநாள் "எதை வாசிக்கலாம்" என்ற யோசனையே இருக்காது.

"நேரம் கிடைக்கும்போது" என்று ஒரு நேரம் வரவே வராது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது: "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக்கொள்பவர்கள் வெறும் ஆசையோடு நிற்பவர்களைவிட அதிகம் செய்துமுடிக்கிறார்கள். உனக்கு "எட்டரை மணி" சரிப்படாது, நாள் முன்னே பின்னே போகிறது. "சாப்பாட்டுக்குப் பிறகு" என்பதும் நழுவும். பாத்திரம் துலக்கிக் கையைத் துடைத்ததும் என்று வை. வீட்டுக்கு வரவே நேரமாகிவிட்டால், பல் துலக்கப் போகும் முன் சின்ன அளவு.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதை நம்பாதே. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், 18 நாள் முதல் 254 நாள் வரை என்று கணக்கு வந்தது, நடுமதிப்பு 66. ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவு ஏதும் இல்லையாம். அடுத்தடுத்து இரண்டு நாள் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது என் கட்சி.

பிரெஞ்சு, காலை நடை என்று வேறு எழுதியிருக்கிறாய். பிரெஞ்சைப் பரீட்சை முடியும்வரை கட்டிவை. நடையை ஆபீஸ் போகிற வழியோடு சேர்த்துவிடலாம், ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினால் ஆயிற்று.

அத்தைக்கு வலி குறைந்ததா? மேசையில் இடம் கிடைத்ததா என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
மாலா